மாறாமல் நிற்பது எது? மேல்நிலை வகுப்பில் வாயு விதிகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வேதியியல் ஆசிரியர் ஒருவரின் நினைவைப் போற்றும் அறக்கட்டளை இது. இப்படிப்பட்ட மேடையில் வேதியியலின் பெருமையைப் பொதுவாகப் பேசிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. சாக்பீஸும் கையுமாக நின்று நாம் நடத்துகிற ஒரு பாடத்தையே எடுத்துக்கொண்டேன். பதினொன்றாம் வகுப்பு வேதியியல் முதல் தொகுதியில் ஆறாவது அலகு, ‘வாயு நிலைமை’. பாயில், சார்லஸ், கேலூசாக், அவகாட்ரோ ஆகியோரின் விதிகள், அவற்றை ஒன்றுசேர்த்த நல்லியல்பு வாயுச் சமன்பாடு, டால்டனின் பகுதி அழுத்தம், கிரஹாமின் விரவுதல் விதி, கடைசியில் வாண்டர்வால்ஸ் என்று போகும் பாடம்.

தேர்வுக்கு இது சுலபமான பாடம் என்று பெயர் வாங்கியிருக்கிறது. சூத்திரத்தை நெட்டுருப் போட்டு, எண்களைப் பொருத்தி, மதிப்பெண்ணை வாங்கிவிடலாம் என்பார்கள். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. மேல்நிலை வேதியியலில் மாணவர் தம் கையாலேயே ஓர் இயற்கை விதியைக் கண்டடையக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. குவாண்டம் எண்களை யாரும் தொட்டுப் பார்க்க முடியாது. காற்றை அடைத்து, அமுக்கி, சூடாக்கிப் பார்க்க முடியும். அதற்கு ஆகும் செலவும் கைக்கு அடங்கியது.

2022இல் பாடச்சுமையைக் குறைத்தபோது என்.சி.இ.ஆர்.டி. தன் பதினொன்றாம் வகுப்பு வேதியியலிலிருந்து பருப்பொருளின் நிலைகள் பற்றிய அலகை முழுவதுமாக எடுத்துவிட்டது. நம் மாநிலப் பாடநூலில் வாயு நிலைமை இருக்கிறது. இருந்தே ஆக வேண்டும் என்று நான் வாதாடுவேன். சமநிலைப் பாடத்தில் கேபி, கேசி என்னும் இரு மாறிலிகளின் தொடர்பை எழுதும்போது நடுவில் ஆர்டி என்று வந்து நிற்கிறதே, அது எங்கிருந்து வந்தது? வாயு விதியைப் படிக்காத பிள்ளைக்கு அந்த இரண்டு எழுத்தும் வானத்திலிருந்து விழுந்தவை.

நான் சொல்ல வந்ததை ஒரு கணக்கைக் கொண்டே சொல்லிவிடுகிறேன். காற்றை 27 டிகிரி செல்சியஸிலிருந்து 127 டிகிரிக்குச் சூடாக்குகிறோம். கெல்வினில் 300, 400. முதலில், கெட்டியாக மூடிய கண்ணாடிக் குடுவை. உள்ளே இருக்கும் காற்று வெளியேற முடியாது, விரியவும் முடியாது. ஆகவே அழுத்தம் மூன்றில் நான்கு மடங்கு ஆகிறது. அடுத்து, உராய்வில்லாமல் நகரும் பிஸ்டன் உள்ள உருளை. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு ஈடாகப் பிஸ்டன் மேலே ஏறுகிறது. அழுத்தம் அப்படியே இருக்க, கனஅளவு மூன்றில் நான்கு மடங்கு ஆகிறது. மூன்றாவது, வாய் திறந்த குடுவை. அழுத்தமும் மாறவில்லை, குடுவையின் கொள்ளளவும் மாறவில்லை. மாறுவது உள்ளே இருக்கும் காற்றின் அளவு. நான்கில் ஒரு பங்கு வெளியே போய்விடுகிறது.

எண்கள் ஒன்றே, சூடும் ஒன்றே, விடைகள் மூன்று. கணக்கைத் தீர்மானித்தது சூத்திரம் இல்லை. எது மாறாமல் நின்றது என்பதுதான். மாணவர் நோட்டில் எழுத வேண்டிய முதல் வரி, ‘இந்தக் கணக்கில் இவை மாறவில்லை’ என்னும் வாக்கியம். அதை எழுதத் தெரிந்தவருக்கு நான்கு விதிகளும் தனித்தனியாக வேண்டாம். நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் மாறாதவற்றை அடித்துவிட்டால், மிஞ்சுவதுதான் பாயில், மிஞ்சுவதுதான் சார்லஸ். அதை எழுதத் தெரியாதவர் நான்கு சூத்திரங்களையும் வைத்துக்கொண்டு, கேள்வியில் கொடுத்த எண்கள் எதற்குள் நுழையும் என்று தேடிக்கொண்டிருப்பார். வினாத்தாள் அவருக்கு உதவும். ஏனென்றால் நம் வினாத்தாள்களில் பெரும்பாலும் தேவையான எண்கள் மட்டுமே, தேவையான வரிசையிலேயே கொடுக்கப்பட்டிருக்கும். வாய் திறந்த குடுவையைக் கேட்டால்தான் தடுமாற்றம் வெளியே தெரியும்.

‘எது மாறவில்லை?’ என்ற கேள்விக்குத் துணையாக இன்னொரு கேள்வியும் உண்டு. எங்கிருந்து அளக்கிறோம்? அதற்குப் பாயிலிடமே போவோம்.

இராபர்ட் பாயிலின் பெயரைச் சொல்லாத வேதியியல் வகுப்பு இல்லை. அவருடைய அட்டவணையைப் பார்த்த மாணவரோ அரிதினும் அரிது. காற்றின் மீள்தன்மை பற்றி அவர் 1660இல் ஒரு நூல் வெளியிட்டார். பிரான்சிஸ் லைனஸ் என்ற பாதிரியார் அதை மறுத்து எழுதினார். அவருக்கு விடை சொல்லும் முகமாக 1662இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் இன்று நாம் பாயில் விதி என்று சொல்வதற்கான அளவீடுகள் இடம்பெற்றன. அழுத்தமும் கனஅளவும் தலைகீழ் விகிதத்தில் இருக்கும் என்ற ஊகத்தை முன்வைத்தவர் ரிச்சர்டு டவுன்லி என்பதைப் பாயிலே அங்கே சொல்லியிருக்கிறார். லைனஸ் மறுக்காமல் இருந்திருந்தால் இந்த அளவீடுகள் எப்போது வந்திருக்குமோ! மாணவர் எழுந்து நின்று ‘அது எப்படி?’ என்று கேட்டால் நாம் மகிழ வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பாயில் பயன்படுத்தியது ஒரு பக்கம் குட்டையாகவும் மறு பக்கம் நீளமாகவும் வளைந்த கண்ணாடிக் குழாய். குட்டைக் கையின் முனை மூடியிருக்கும். நீளக் கையில் பாதரசத்தை ஊற்ற ஊற்ற, குட்டைக் கையில் அடைபட்ட காற்று சுருங்கும். காற்று 48 பிரிவு இடத்தைப் பிடித்திருந்தபோது அழுத்தம் 29 2/16 அங்குலப் பாதரசம். 24 பிரிவாகச் சுருங்கியபோது 58 13/16. 12 பிரிவாகச் சுருங்கியபோது 117 9/16. மாணவர்களைப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் 1398 வரும், அடுத்து 1411½, மூன்றாவதில் 1410¾. மூன்றும் ஒன்றில்லை. ஆனால் வித்தியாசம் நூற்றில் ஒரு பங்குக்குள் நிற்கிறது. விதி சரியாக இருந்தால் எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்பதையும் பாயில் தனி நிரலில் எழுதிவைத்தார்: 24க்கு 58¼, 12க்கு 116½. தான் அளந்ததையும் விதி சொல்வதையும் அருகருகே வைத்து, வித்தியாசத்தை மறைக்காமல் வாசகரிடம் நீட்டிய நேர்மை அது. பாடநூல் கணக்கில் பெருக்குத்தொகை எப்போதும் அச்சுப் பிசகாமல் ஒன்றாகவே வருவதால், அளவீடு என்றால் என்ன என்றே தெரியாமல் நம் பிள்ளைகள் விதியைத் தெரிந்துகொள்கிறார்கள்.

அந்த அட்டவணையில் இன்னொரு நிரலும் கவனிக்கத்தக்கது. காற்று 24 பிரிவுக்குச் சுருங்கியபோது நீளக் கையில் கண்ணுக்குத் தெரிந்த பாதரச உயரம் 29 11/16 அங்குலம் மட்டுமே. அதோடு வளிமண்டலத்தின் பங்காக 29 2/16 அங்குலத்தைக் கூட்டித்தான் 58 13/16 என்று எழுதினார். குழாயின் திறந்த வாய் வழியாக வளிமண்டலமும் பாதரசத்தை அமுக்குகிறது அல்லவா? அதைக் கூட்டாவிட்டால் விதியே கிடைக்காது.

இதை வகுப்பில் செய்து காட்டுவது எளிது. பாதரசத்தைத் தொட வேண்டாம், அது நஞ்சு. மருந்துக் கடையில் கிடைக்கும் 20 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சு போதும். உள்விட்டம் 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டனை 20 மில்லி கோட்டில் நிறுத்தி, நுனியை ரப்பர் அடைப்பானால் கெட்டியாக அடைத்து, தாங்கியில் செங்குத்தாகப் பொருத்திவிடுங்கள். பிஸ்டனின் தலையில் ஒரு சிறு பலகை. அதன்மேல் ஒவ்வொன்றாக ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டுகள். உராய்வுதான் இதில் பெரிய தொல்லை. உள்சுவரில் ஒரு சொட்டு கிளிசரின் தடவுங்கள். ஒவ்வொரு அளவீட்டின்போதும் பிஸ்டனைச் சற்று அமுக்கிவிட்டு ஒருமுறையும், சற்றுத் தூக்கிவிட்டு ஒருமுறையும் படித்துச் சராசரி எடுங்கள்.

ஒரு கிலோ வைத்தால் ஏறத்தாழ 15.3 மில்லி. இரண்டு கிலோவுக்கு 12.4. மூன்று கிலோவுக்கு 10.4. இப்போது மாணவர்களைப் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டு கிலோ ஆக்கினோம், அழுத்தம் இரட்டித்தது, கனஅளவு பாதியாக வேண்டும், ஆகவில்லையே என்பார்கள். பாயில் விதி தப்பு என்று துணிந்து சொல்லும் பிள்ளையும் வகுப்பில் இருக்கும். அந்த இடத்தில் ஆசிரியர் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடக் கூடாது. ‘எடையோடு இன்னும் எவ்வளவு கூட்டினால் மூன்று பெருக்குத்தொகையும் ஒன்றாகும்?’ என்று மட்டும் கேளுங்கள். முயன்று முயன்று மூன்றேகால் கிலோவுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். 4¼ பெருக்கல் 15.3, 5¼ பெருக்கல் 12.4, 6¼ பெருக்கல் 10.4. எல்லாம் 65ஐ ஒட்டியே வரும். அந்த மூன்றேகால் கிலோ என்ன? கட்டைவிரல் அகலத்துப் பிஸ்டனின் தலையில், யாரும் வைக்காமலே உட்கார்ந்திருக்கும் வளிமண்டலம். பிஸ்டனின் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் பாடநூலில் படித்த வளிமண்டல அழுத்தம் அவர்கள் கையிலேயே வந்துவிடுகிறது. ஒரு விதியைச் சரிபார்க்கப் புகுந்து, தலைக்கு மேலே இருக்கும் காற்றை நிறுத்துவிட்டார்கள்.

இந்தச் சோதனையைச் செய்தவர் பஞ்சர் கடை மீட்டரைப் பார்த்து ஏமாற மாட்டார். டயரில் 30 என்று காற்று அடிக்கிறார்கள். அது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு. வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதைத்தான் அந்த மீட்டர் காட்டுகிறது. உள்ளே உண்மையான அழுத்தம் 14.7ஐயும் சேர்த்து 44.7. காலையில் 27 டிகிரியில் காற்று அடித்துக்கொண்டு புறப்பட்ட வண்டி நெடுஞ்சாலையில் ஓடி, டயருக்குள் காற்று 57 டிகிரிக்கு வந்துவிட்டது என்போம். டயர் பெரிதாக விரியாது, காற்று கசியவில்லை. ஆகவே அழுத்தம் 300க்கு 330 என்ற விகிதத்தில் ஏறும். 44.7 என்பது 49.2 ஆகும், மீட்டர் 34.5 காட்டும். மீட்டர் எண்ணையே எடுத்துக் கணக்குப் போட்டவருக்கு 33 வரும். செல்சியஸையும் அப்படியே வைத்து, 57ஐ 27ஆல் வகுத்துப் பெருக்கியவருக்கு 63க்கு மேல் வரும். 33 என்ற பிழை கண்ணுக்குத் தப்பிவிடும். 63 தப்பக் கூடாது. மதிய வெயிலில் ஓடும் ஒவ்வொரு டயரிலும் காற்று இரண்டு மடங்கு ஏறுமா என்று ஒரு நொடி யோசித்தால் போதும். அந்த ஒரு நொடிப் பழக்கத்தைத் தருவதுதான் பயிற்சி. டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைச் சரிபார்க்கும்படி வண்டிக் கையேட்டில் ஏன் எழுதியிருக்கிறார்கள் என்பதும் இதில் விளங்கிவிடும்.

வெப்பநிலைக்கு வருவோம். ‘செல்சியஸோடு 273ஐக் கூட்டு’ என்பதை நாம் ஒரு சடங்குபோலச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அந்த 273 எங்கிருந்து வந்தது? சார்லஸ் 1787 வாக்கில் சில வாயுக்கள் ஒரே அளவில் விரிவதைக் கண்டார், ஆனால் அச்சிடவில்லை. 1802இல் கேலூசாக் தம் அளவீடுகளை வெளியிட்டபோது சார்லஸின் பெயரைக் குறிப்பிட்டதால்தான் விதிக்கு அவர் பெயர் நிலைத்தது. பனிக்கட்டி உருகும் நிலையில் 100 பங்கு இருக்கும் காற்று, நீர் கொதிக்கும் நிலையில் 137.5 பங்கு ஆகிறது என்பது கேலூசாக்கின் அளவு. டிகிரிக்கு 0.375 பங்கு. பின்னோக்கிப் போனால் 100 பங்கும் தீர்ந்துபோவது எத்தனை டிகிரியில்? 100ஐ 0.375ஆல் வகுத்தால் 266.7. இன்றைய அளவான 273.15க்கு அது எவ்வளவு அருகில் இருக்கிறது, பாருங்கள்.

நம் ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்ய 250 மில்லி கூம்புக் குடுவை ஒன்றும், ஒரு துளையுள்ள ரப்பர் அடைப்பானும் வேண்டும். ஈரமில்லாத குடுவையைக் கொதிநீரில் கழுத்துவரை அமிழ்த்தி வைத்து, உள்ளே இருக்கும் காற்று 100 டிகிரிக்கு வந்ததும் துளையை அடைத்து, 30 டிகிரித் தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்த்துத் திறக்க வேண்டும். காற்று சுருங்க, தண்ணீர் உள்ளே ஏறும். உள்ளும் வெளியும் நீர்மட்டம் ஒன்றாகும்படி குடுவையை உயர்த்திப் பிடித்து, மறுபடி துளையை அடைத்து எடுத்து, உள்ளே போன தண்ணீரை அளவுகுழலில் ஊற்றிப் பாருங்கள். கிட்டத்தட்ட 47 மில்லி இருக்க வேண்டும். வரைபடத்தாளில் இரண்டு புள்ளிகளை வைத்து, கோட்டைக் கீழே நீட்டினால் அது செல்சியஸ் அச்சை மைனஸ் 273க்கு அருகில் வெட்டும். மூன்று மில்லி பிசகினால் விடை இருபத்தைந்து டிகிரி தள்ளிப் போய்விடும். அந்தப் பிசகையும் மாணவர் பார்க்கட்டும். சிறிய பிழை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதைக் கண்ணால் கண்டவர், பிறகு துளையை அடைக்கும்போது விரலை அசைக்க மாட்டார்.

டால்டனையும் கிரஹாமையும் இன்று தொடாமல் போகிறேன். அவை கடினமில்லை. விதி எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

இரண்டு சிலிண்டர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, வீட்டில் இருக்கும் 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர். மற்றது, மருத்துவமனையில் நெட்டையாக நிற்கும் டி-வகை ஆக்சிஜன் சிலிண்டர். ஆக்சிஜன் சிலிண்டரின் கொள்ளளவு 46.7 லிட்டர், அதில் ஏறத்தாழ 150 வளிமண்டல அழுத்தத்தில் நிரப்புகிறார்கள். வெளியே சாதாரண அழுத்தத்துக்கு வந்தால் அது சுமார் 7000 லிட்டர். சமையல் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. சராசரி மூலக்கூறு நிறை 50 என்று வைத்துக்கொண்டால் 14.2 கிலோ என்பது 284 மோல். 30 டிகிரியில் மோலுக்கு 24.9 லிட்டர் வீதம் அதுவும் சுமார் 7000 லிட்டர். இரண்டிலும் ஏறக்குறைய அதே அளவு வாயு. ஆனால் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறார்கள். மற்றதைத் தனி ஆளாகத் தூக்க முடியாமல், சாய்த்துப் பிடித்து உருட்டிக்கொண்டு போகிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

சமையல் சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர். அதில் 284 மோல் வாயுவாகவே இருந்தால் அழுத்தம் 212 வளிமண்டலம் என்று சமன்பாடு சொல்லும். அந்த மெல்லிய இரும்புக் கூடு அதைத் தாங்காது. தாங்க வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம். 1869இல் தாமஸ் ஆண்ட்ரூஸ் கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு காட்டியதுபோல, ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு நிலைமாறு வெப்பநிலை உண்டு. அதற்கு மேலே எவ்வளவு அமுக்கினாலும் அது திரவமாகாது. ஆக்சிஜனுக்கு அது மைனஸ் 118.6 டிகிரி. புரோப்பேனுக்கு 97 டிகிரி, பியூட்டேனுக்கு 152. நம் ஊர் வெப்பத்தில் ஆக்சிஜனை என்ன அமுக்கினாலும் வாயுவாகவே நிற்கும். சமையல் வாயு கொஞ்சம் அமுக்கியதுமே திரவமாகிவிடும்.

ஆகவே ஆக்சிஜன் சிலிண்டரின் மீட்டர் உண்மையைச் சொல்லும். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது எத்தனையோ வீடுகளில் 10 லிட்டர் பி-வகை சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இது இன்னும் எத்தனை மணி நேரம் வரும் என்று தவித்தார்கள். மீட்டர் 150 காட்டினால் 1500 லிட்டர்; நிமிடத்துக்கு 5 லிட்டர் விட்டால் ஐந்து மணி நேரம். 50க்கு இறங்கிவிட்டால் 500 லிட்டர், நூறு நிமிடம். கொள்ளளவும் வெப்பநிலையும் மாறவில்லை, ஆகவே இருப்பு அழுத்தத்துக்கு நேர் விகிதம். ஆர் மதிப்பு வேண்டாம், மோல் வேண்டாம். மேல்நிலைப் பள்ளியில் இந்தப் பாடத்தைப் படித்த எவரும் போட்டுச் சொல்லியிருக்க வேண்டிய கணக்கு இது. எத்தனை பேருக்கு அந்த நேரத்தில் இது கைகொடுத்தது என்று நினைக்கும்போதெல்லாம், பயிற்சி என்ற பெயரில் நாம் செய்துவருவதை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வலுக்கிறது.

சமையல் சிலிண்டரில் இதே கணக்குச் செல்லாது. வாயு வெளியேற வெளியேறத் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பிவிடுவதால், கடைசிச் சொட்டுத் திரவம் தீரும்வரை அழுத்தம் இருப்புக்கு ஏற்ப இறங்காது. அதனால்தான் வீட்டில் தூக்கிப் பார்க்கிறார்கள். சில பேர் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, எந்த உயரம்வரை ஈரம் காயாமல் நிற்கிறது என்று பார்ப்பார்கள். திரவம் இருக்கும் மட்டம்வரை சுவர் சீக்கிரம் சூடேறாது. அங்கே ஈரம் தாமதமாகக் காயும். நம் தாய்மார்களின் இந்த உத்தி முழுக்க முழுக்க இயற்பிய வேதியியல். ஆகவே வாயுக் கணக்கைத் தொடங்குமுன், உள்ளே இருப்பது முழுவதும் வாயுதானா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாயு எப்போது திரவமாகத் தொடங்கும், விதி எங்கே தளரும் என்பதற்கு விடை கண்டவர் யோகான்னஸ் வாண்டர்வால்ஸ். நெதர்லாந்தில் லைடன் நகரத்துத் தச்சர் ஒருவரின் மகன், 1837இல் பிறந்தவர். தொடக்கப் பள்ளியில் ஆசிரியராகத் தொடங்கி, பிறகு உயர்நிலைப் பள்ளியில் கற்பித்தார். லத்தீனும் கிரேக்கமும் படிக்காததால் பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் தகுதி அவருக்கு நெடுநாள் கிடைக்கவில்லை. அந்த நிபந்தனை தளர்ந்தபின், 1873இல், வாயு நிலைக்கும் திரவ நிலைக்கும் உள்ள தொடர்ச்சியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். மூலக்கூறுகளுக்கும் இடம் வேண்டும், அவை ஒன்றையொன்று ஈர்க்கவும் செய்கின்றன என்னும் இரண்டு திருத்தங்களைச் சமன்பாட்டில் சேர்த்தார். 1910இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு. பாடநூலில் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு மாறிலிகளாகக் கடந்துபோகும் அந்தப் பகுதியை எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை என் மாணவர்களிடம் நான் சொல்லாமல் விட்டதில்லை. இங்கே இருக்கும் ஆசிரியர்களுக்கும் அதைச் சொல்ல ஆசைப்பட்டேன்.

இனி, பயிற்சி. ஒரே அச்சில் வார்த்த இருபது கணக்குகளைப் போடவைப்பதை நான் பயிற்சி என்று சொல்ல மாட்டேன். மூன்று கணக்குகள் போதும், அவை வெவ்வேறு பாத்திரங்களைப் பற்றியனவாக இருந்தால். விடை காணுமுன், ஏறுமா இறங்குமா, ஏறினால் கொஞ்சமா இரட்டிப்பா என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சில கணக்குகளில் தேவையில்லாத ஓர் எண்ணைச் சேர்த்துக் கொடுங்கள். சிலவற்றில் தேவையான ஓர் எண்ணை விட்டுவிட்டு, என்ன குறைகிறது என்று கேளுங்கள். ஆர் மதிப்பு 0.0821ஆ 8.314ஆ என்று மாணவர் குழம்பினால், ஒரு லிட்டர்-வளிமண்டலம் என்பது 101.3 ஜூல் என்பதை அவரையே போட்டுப் பார்க்கவிடுங்கள். இரண்டும் ஒன்றே என்று தெரிந்தபின் குழப்பம் திரும்ப வராது. மாணவர்களே கணக்கு உருவாக்கட்டும். தான் உருவாக்கிய கணக்கில் டயருக்குள் 400 டிகிரி என்று எழுதிய பிள்ளையைப் பக்கத்துப் பிள்ளையே திருத்தும்.

வினாத்தாள் அமைக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘பாயில் விதியை வரையறு’ என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்குப் பதிலாக, பாயிலின் அட்டவணையிலிருந்து மூன்று வரிகளைக் கொடுத்து, விதி இதில் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது என்று கேளுங்கள். அதே இரண்டு மதிப்பெண்தான். திருத்துவதற்கும் கூடுதல் நேரம் ஆகாது.

முன்வரிசையில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு கணக்கைத் தந்துவிட்டு அமர்கிறேன். சமவெளியில் 30 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் அடைத்த சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கொடைக்கானலுக்குப் பேருந்தில் ஏறுகிறீர்கள். மலைமேல் 2100 மீட்டர் உயரத்தில் அழுத்தம் ஏறத்தாழ 0.78 வளிமண்டலம், வெப்பநிலை 15 டிகிரி. பாக்கெட்டின் உறை எவ்வளவு வேண்டுமானாலும் விரியும் என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் வாயுவின் கனஅளவு எத்தனை மடங்காகும்? அழுத்தம் ஒரு பக்கம் இழுக்கிறது, குளிர் மறுபக்கம் இழுக்கிறது. எது வெல்லும் என்பதை முதலில் எழுதுங்கள். பிறகு, உறை கொஞ்சமும் விரியாது என்று வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் கண்டுபிடியுங்கள். உண்மையான பாக்கெட் இந்த இரண்டில் எதற்கு அருகில் இருக்கும் என்பதற்குப் பாடநூலில் விடை இல்லை. தேநீர் இடைவேளையில் காகிதத்தோடு வாருங்கள், பேசுவோம்.